அடுத்த வீட்டு வாதாமரம்

வீடு இயற்கையோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னது அக்காதான். சொந்த அக்காவுக்கு வீடு வரைந்து கொடுக்க ஒப்புக்கொள்கிறவளுக்கு எத்தனை படித்திருந்தாலும் புத்தி மட்டு என்று சின்னவள் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது அது தோன்றவில்லை. அவள் ஆர்க்கிடெக்ட். வருஷக்கணக்காக அடுத்தவர் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளையே வரைந்துகொண்டிருந்தவள். தன் பேரில் வரையப்போகும் முதல் வீடு, அதுவும் அக்காவுக்கு என்றதும் தலைகால் புரியவில்லை.

அக்காவின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் குடியிருந்தது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நட்டநடு வீட்டில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எல்லா மாடிக் கழிவுநீரும் இறங்குகிற குழாய்கள். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அதே குழாய்களின் மறுபக்கம். வெளியே மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் லிஃப்ட் பிடித்துக் கீழே போக வேண்டும்.

“காலையில எழுந்தா கண்ணுக்கு ஒரு மரம் தெரியணும்டி. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே கேக்க மாட்டேன்,” என்றாள் அக்கா.

கேட்க மாட்டேன் என்றவள் அதற்கப்புறம் கேட்டதையெல்லாம் சொன்னால் பொழுது போதாது. வீட்டின் நடுவில் வானம் தெரிகிற மாதிரி ஒரு முற்றம் வரைந்து காட்டினாள் சின்னவள். அக்கா படத்தைப் பார்த்தாள், கண் கலங்கினாள், மறுநாள் காலையில் போன் செய்தாள்.

“முற்றம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா மழை வந்தா?”

“மழை உள்ள விழும்.”

“உள்ளயா?”

“அதுக்குத்தானேக்கா முற்றம்.”

“விழட்டும், விழட்டும். நான் வேண்டாங்கலை. தரை நனையாம விழற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?”

முற்றத்துக்கு மேல் கண்ணாடி வந்தது. கண்ணாடி வந்ததும் சூடு வந்தது. சூடு வந்ததும் முற்றத்துக்கு ஏசி வைக்கலாமா என்று கேட்டார் அத்தான். அக்கா வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். வேலையிடத்தில் தலைக்கு உறை, காலுக்கு உறை மாட்டிக்கொண்டு நடக்கிற ஆள். அவருக்கும் இயற்கை பிடிக்கும். காற்று வேண்டும், ஆனால் தூசி கூடாது. வெயில் வேண்டும், ஆனால் சோபா வெளுக்கக் கூடாது. செடி கட்டாயம் வேண்டும், மண் இல்லாமல் வளர்கிற செடியாக இருந்தால் உத்தமம். இதையெல்லாம் அவர் தனியாகத்தான் போன் செய்து சொல்வார். “உங்க அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிக்காதே” என்று முடிப்பார். அவர் வைத்த கையோடு அக்கா கூப்பிடுவாள். “உங்க அத்தானுக்குத் தெரிய வேண்டாம்” என்று ஆரம்பிப்பாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்களா, இல்லை தன் போனில்தான் குடும்பம் நடத்துகிறார்களா என்று சின்னவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மாடிப்படியோரம் கொடி படரவிடலாம் என்றாள். பல்லி வரும் என்றாள் அக்கா. வாசல் பக்கம் சின்னதாக ஒரு குளம் என்றாள். கொசு என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். இப்படித் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அந்த வீட்டில் இயற்கை என்று மிஞ்சியது ஒரே ஒரு ஜன்னல்.

ஆனால் அது ஜன்னல் என்றால் ஜன்னல். ஹாலின் பின்பக்கம் முழுவதும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே கண்ணாடி. அதற்கு நேர் எதிரே வாதாமரம். குடை மேல் குடை பிடித்ததுபோலக் கிளை விரித்து, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மனையை முதல் தடவை பார்க்க வந்தபோதே சின்னவள் அந்த மரத்தடியில்தான் நின்றாள். வீடு மொத்தத்தையும் அந்த மரத்தைப் பார்த்துத்தான் திருப்பினாள். சமையலறையில் நின்றால் மரம், மாடிப்படி ஏறினால் மரம், அக்கா கட்டிலில் கண் விழித்தால் மரம். இதில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதிசயமாக அக்காவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மரத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அது அவர்கள் மனையில் இல்லை.

பின் வீட்டு மனையில், எல்லையை ஒட்டி நின்றது. கிளைகள் பாதிக்குமேல் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. வரைபடத்தில் சின்னவள் பச்சையில் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின் ஓரம் எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் போனது. கம்ப்யூட்டரில் வீட்டை நிஜம்போலச் செய்து காட்டியபோது மரம் இலை இலையாக முழுசாக வந்தது. பின் வீடு வரவில்லை. பின் வீட்டில் வர வைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை என்பது அவள் எண்ணம். தகரக் கூரை, நீல நிறத் தண்ணீர் டிரம், எந்நேரமும் ஏதாவது துணி தொங்குகிற கொடி, ஒரு ஜன்னல். அதையெல்லாம் மறைக்க எல்லைச் சுவரை ஒன்றரை ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டாள். சுவருக்கு வழவழவென்று வெள்ளைப் பூச்சு. ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் வெள்ளைச் சுவர், அதற்கு மேல் மரத்தின் தலை, அதற்கு மேல் ஆகாயம். மரம் தங்களுடையது என்று சத்தியமே செய்யலாம். வீட்டிலேயே தனக்குப் பிடித்தது எது என்று கேட்டிருந்தால் சின்னவள் அந்தச் சுவரைத்தான் சொல்லியிருப்பாள். அதைக் கட்டி முடித்த அன்றைக்கு மேஸ்திரியை அதன்மேல் ஏற்றி நிற்கவைத்துப் போட்டோகூட எடுத்தாள்.

அந்த மேஸ்திரிதான் ஒருநாள் காலையில் போன் செய்தார்.

“மேடம், பின் வீட்டம்மா மரத்தை வெட்டப் போறாங்களாம்.”

“எந்த மரத்தை?”

“இங்க வேற மரம் ஏது மேடம்? வெட்டுற ஆள் வந்து ஏறிப் பாத்துட்டுப் போயிட்டான்.”

சின்னவள் அப்போதே கிளம்பினாள். கண்ணாடிக்குச் சொல்லியாயிற்று. அந்த அகலத்துக்கு வெட்டிய கண்ணாடியை வேறு எந்த வீட்டிலும் மாட்ட முடியாது. மரம் போய்விட்டால் அக்கா காலையில் எழுந்து பார்க்கப்போவது ஒரு வெள்ளைச் சுவரை. குழாயாவது இரண்டு மூன்று இருந்தன. இது ஒரே சுவர். இதற்கா இத்தனை மாதம் நாயாய் அலைந்தோம் என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மனைக்குப் போன வேகத்திலேயே பின் வீட்டுக்கு நடந்தாள். பின் வீடு என்றால் சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இத்தனை நாளில் அவள் அந்தத் தெருவுக்குப் போனதே இல்லை. வாசலில் ‘இங்கு பள்ளிச் சீருடைகள் தைத்துத் தரப்படும்’ என்று பலகை. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு ஓர் அம்மா வந்து நின்றார். அக்காவைவிட நன்றாகவே மூத்தவர்.

“நான் பின்னாடி கட்டுற வீட்டோட ஆர்க்கிடெக்ட்ங்க.”

“தெரியும். சுவர்மேல ஆளை ஏத்திப் போட்டோ புடிச்சீங்களே.”

ஆரம்பமே சரியில்லை. சின்னவள் இருக்கிற பணிவையெல்லாம் கூட்டிக்கொண்டு, மரத்தை வெட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன் என்றாள்.

“ஆமா.”

“அந்த மரத்தை வெச்சுத்தான்மா எங்க வீட்டையே டிசைன் பண்ணியிருக்கோம்.”

“உங்க மரமா அது?”

“இல்லைங்க.”

“பின்ன என்கிட்ட யாரு கேட்டா?”

கேட்டிருக்கலாம். மண்ணைச் சோதித்தாள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள், எந்த மாசத்தில் எத்தனை மணிக்கு வெயில் எங்கே விழும் என்றுகூடக் கணக்குப் போட்டாள். மரத்துக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கும் தோன்றவில்லை, அத்தனை தொணதொணத்த அக்காவுக்கும் அத்தானுக்கும் தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“உள்ள வாங்க,” என்றார் தையல்காரம்மா. விருந்துக்கு அழைக்கிற குரலாக அது இல்லை.

பின்னறையில் தைத்ததும் தைக்காததுமாகச் சீருடைகள் குவிந்து கிடந்தன. பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. இரண்டு ஜன்னல்கள். பக்கவாட்டு ஜன்னலை வாதாமரம் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இன்னொரு ஜன்னலில் சுவர். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அத்தனை கிட்டத்தில் இருந்தது. சின்னவள் முதலில் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பூச்சில்லாத செங்கல், செங்கல்லுக்கு நடுவே பிதுங்கி வழிந்து காய்ந்துபோன கலவை, எங்கேயோ கட்ட மறந்ததுபோல ஓர் ஓட்டை. அது அவளுடைய வெள்ளைச் சுவர். பூச்சு பூசியது அவர்கள் பக்கம் மட்டும்தான்.

“இந்த ஜன்னல்லதான் எனக்கு வெளிச்சம் வந்துட்டு இருந்துச்சு. சுவரைக் கட்டி அடைச்சிட்டீங்க. சரி, உங்க இடம், உங்க சுவர், நான் சண்டைக்கு வரலை. அந்தப் பக்கத்து ஜன்னலாவது தொறக்கலாம்னா மரம் நிக்குது. அதை எடுத்தா வெளிச்சம் வரும். மரம் என் மரம்,” என்றார் தையல்காரம்மா.

பிறகு மேஜையிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்து, கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பிடித்தார்.

“இதுல எது நீலம், எது கறுப்புன்னு சொல்லுங்க பாப்போம்.”

சின்னவள் உற்றுப் பார்த்தாள். பரீட்சை எழுதுகிற மாதிரிதான் இருந்தது. இரண்டும் இருட்டாகவே தெரிந்தன. கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தபிறகு, “இடது கையில இருக்கறது நீலம்,” என்றாள்.

“ம்,” என்று தையல்காரம்மா இடது கை நூலை மிஷினில் மாட்டினார். “நேரமாச்சில்ல சொல்ல? போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நீலப் பாவாடைக்கெல்லாம் கறுப்பு நூல் ஓட்டிட்டேன். அத்தனையும் பிரிச்சுத் தைச்சேன். சுவரைக் குறைங்க, மரம் நிக்கும். இல்லைன்னா வியாழக்கிழமை ஆளு வர்றான்.”

அன்று மாலை கட்டுகிற வீட்டிலேயே அக்காவையும் அத்தானையும் உட்காரவைத்துச் சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். உட்காரவைத்தாள் என்றால் சிமெண்ட் மூட்டைகள் மேல். அத்தான் முதலில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல்தான் உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரிய வை. மரம் தெரியணும்னு சுவர் கட்டின. இப்ப மரம் தெரியணும்னா சுவரை இடிக்கணும்கற. நீ படிச்ச படிப்புல இதுக்குப் பேரு என்ன?”

“தப்புன்னு பேரு அத்தான். என் தப்பு.”

அப்படிச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் விடுவதாக இல்லை. “அந்தம்மாவுக்கு நல்லதா ரெண்டு லைட்டு மாட்டிக் குடுத்துருவோம். முடிஞ்சுது.”

“லைட்டு இருக்கு அத்தான். லைட்டுலதான் நூல் மாறிப்போச்சு.”

“அப்ப செடி வெச்சுக்கலாம் நாம. பெருசா, தொட்டியில. இப்பல்லாம் அசலாட்டமே பிளாஸ்டிக்குல வருது.”

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையாகவே, சத்தம் வர. மேஸ்திரி திரும்பிப் பார்த்துவிட்டு, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுபோலக் கொத்துக்கரண்டியைக் கழுவப் போனார்.

அக்கா எப்போதோ மூட்டையை விட்டு எழுந்திருந்தாள். கண்ணாடி வரப்போகிற இடத்தில் போய் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருந்தால்தான் சின்னவளுக்குப் பயம். இப்போது தனிமை, மறைப்பு, அடுத்தவர் கண் என்று ஆரம்பிப்பாள். அதோடு மரத்தின் கதை முடிந்தது என்று காத்திருந்தாள்.

“சுவரை இடிச்சா அங்க என்ன தெரியும்?” என்றாள் அக்கா.

“அவங்க ஜன்னல் தெரியும். தண்ணி டிரம், கொடியில துணி. அவங்களும் தெரிவாங்க. நேருக்கு நேரா.”

“அவங்களுக்கு நாம?”

“நாமளும் தெரிவோம்.”

அக்கா மரத்தைவிட்டுத் திரும்பினாள். “இத்தனை வருஷம் குழாயையே பாத்தாச்சு. ஒரு ஆள் தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சு? எனக்கு மரம் வேணும். இடிச்சிரு.”

“அடியே, நைட்டியோட நீ நடமாடறதை அந்தம்மா பாப்பாங்க,” என்றார் அத்தான்.

“அவங்களும் நைட்டிதான் போட்டிருப்பாங்க,” என்றாள் அக்கா.

சின்னவளுக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை மாதத்தில் அந்த வாயிலிருந்து ‘ஆனால்’ இல்லாமல் வந்த முதல் வாக்கியம் அது. சந்தோஷத்திலும் அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. இடிபடப்போவது அவளுடைய சுவர் ஆயிற்றே. மறுநாள் மேஸ்திரி முதல் கல்லைப் பெயர்த்தபோது அவள் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டாள். “கட்டச் சொன்னா கட்டுறேன், இடிக்கச் சொன்னா இடிக்கிறேன், போட்டோவுக்கு மட்டும் இனிமே கூப்பிடாதீங்க மேடம்,” என்று அவர் சொன்னது அங்கேயும் கேட்டது.

சுவர் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் பூசினார்கள். வியாழக்கிழமை மரம் வெட்ட ஆள் வரவில்லை. கண்ணாடி வந்தது, அக்கா குடிவந்தாள்.

குடிவந்த சில வாரங்களில் வாதாமரம் இலை பழுத்துச் சிவந்து கொட்ட ஆரம்பித்தது. ஒன்றிரண்டு இல்லை, தட்டுத் தட்டாக அத்தனை இலையும். அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, மரம் மொட்டையா நிக்குது.”

“இலை உதிர்ற காலம்க்கா.”

“நீ காட்டின படத்துல நல்லாத்தானே இருந்துச்சு?”

“திரும்பத் துளிர்க்கும்க்கா.”

“எப்போ? உங்க அத்தான் விளக்குமாத்தைக் கையில வெச்சுக்கிட்டே திரியறாரு. ஒரு இலை விழுந்தா ஓடறாரு. ஆபீசுக்கு லீவு போடுவாரு போல. நீ வந்து என்னன்னு பாரு.”

வந்து என்னத்தைப் பார்ப்பது, இலையைத் திரும்ப ஒட்டவா முடியும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சின்னவள் போனாள். மதிய வெயில் ஹால் முழுக்கக் கிடந்தது. மொட்டைக் கிளைகளுக்குப் பின்னால் தகரக் கூரை, டிரம், கொடி, எல்லாம் ஒன்றுவிடாமல் தெரிந்தன. இவற்றை மறைப்பதற்காகத்தான் அவள் பிராணனை விட்டு ஒரு சுவர் வரைந்தாள். நேர் எதிரே, திறந்த ஜன்னலுக்குள் தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் மேஜை வரைக்கும் எட்டியிருந்தது. டியூப்லைட் எரியவில்லை. அதைப் பார்த்ததும் சின்னவளின் எரிச்சல் பாதி இறங்கியது.

“பாரு, எவ்வளவு குப்பை. இதுல காய் வேற விழுமாம் இனிமே. டொக்கு டொக்குன்னு கண்ணாடியில வந்து விழுந்தா என்ன பண்றது?” என்று அக்கா பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனாள். நடுவில் பேச்சை நிறுத்தாமலே ஜன்னல் பக்கம் திரும்பி இடது கையைத் தூக்கினாள். எதிர் ஜன்னலில் தையல்காரம்மா இரண்டு கையிலும் நூல்கண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கையைப் பார்த்ததும் தலையசைத்து, ஒன்றை மிஷினில் மாட்டினார்.

“என்னக்கா அது?”

“எதுடி? ஓ, அதுவா. எது நீலம்னு கேப்பாங்க. எந்தக் கைன்னு நான் காட்டுவேன். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை.”

“இப்பதான் வெளிச்சம் வருதே?”

“வெளிச்சம் வருது. கண்ணுதான் வரலை. புரை. குடிவந்த மறுநாளே எனக்குத் தெரிஞ்சிருச்சு. கொடியில காயறது சிவப்புத் துணியா பச்சையான்னு என்னைக் கேட்டாங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னா, சீருடை ஆர்டர் முடியட்டும்கறாங்க. ரொம்ப வற்புறுத்தினா மரத்தை வெட்டிருவேன்னு மிரட்டல் வேற.”

சின்னவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். டியூப்லைட் அறையில் நின்றுகொண்டு தான் எழுதிய பரீட்சை ஞாபகம் வந்தது. இடது கையில் இருப்பது நீலம் என்று அவள் சொன்னாள். அந்த அம்மா உடனே அதை மிஷினில் மாட்டினார். அது பரீட்சையே இல்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். தெரியவில்லை என்று முன்பின் அறியாத ஒருத்தியிடம் சொல்ல மனசில்லாமல் அதட்டிக் கேட்டிருக்கிறார். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எதற்கு எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

“அப்ப என் சுவரு? சும்மாத்தான் இடிச்சோமா?” என்றாள்.

“சும்மாவா?” அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “சுவர் இருந்தா நான் எப்படிடீ கை காட்டுவேன்?”

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. அக்கா உள்ளே ஓடினாள். சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பியபோது எதிரே நூல்கண்டுகள் மறுபடியும் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தன. இந்த வெயிலில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவள் எழுந்து, கண்ணாடியோரம் நின்று, வலது கையை நன்றாக உயர்த்திக் காட்டினாள்.

தையல்காரம்மா அசையவில்லை. கண்ணைச் சுருக்கி, நிற்பது யார் என்று நிதானமாகப் பார்த்தார். பிறகு இடுப்புச் சுவரைத் தாண்டி இங்கே கேட்கிற அளவுக்குக் குரல் கொடுத்தார்.

“நீங்க இருங்க. அக்காவைக் கூப்பிடுங்க.”